வண்டி எப்போது சூடாகிறது? கூலிங் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைவிட்டு மேலே ஏறுவதைப் பார்த்ததும் மனதில் எழும் முதல் கேள்வி, “எந்தப் பார்ட் போச்சு?” என்பதுதான். வொர்க்‌ஷாப்பில் பல சமயம் அதற்குக் கையோடு பதிலும் கிடைத்துவிடும். “தெர்மோஸ்டாட்டா இருக்கும், மாத்திப் பாத்துடலாம்.” மாற்றிச் சரியானால் நல்லது. சரியாகாவிட்டால் அடுத்து வாட்டர் பம்ப், அதற்கடுத்து ரேடியேட்டர் என்று வரிசையாகச் செலவு போகும்.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் வேறொன்றைக் கேட்டுப் பழகுங்கள். சூடு எப்போது ஏறுகிறது? நெரிசலில் நிற்கும்போதா, வேகமாக ஓடும்போதா? ஸ்டார்ட் செய்த பத்து நிமிடத்திலா, ஒரு மணி நேரம் கழித்தா? மேடு ஏறும்போது மட்டுமா? இதற்கு உங்களிடம் தெளிவான பதில் இருந்தால் பாதிக் கோளாறு பிடிபட்ட மாதிரிதான். ஏன் அப்படி என்று புரிய, இன்ஜினை ஆற்றும் திரவமான கூலன்ட் உள்ளே எப்படிச் சுற்றுகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

கூலன்ட் போகும் பாதை

இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில், தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மிச்சமுள்ள சூடு இன்ஜினின் உலோகத்தில் ஏறுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு ஒரு கணம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இன்றைய இன்ஜின்களில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அந்தச் சூட்டை இடைவிடாமல் வெளியே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்வது கூலன்ட்.

பாதை எளிமையானது. வாட்டர் பம்ப் கூலன்ட்டை இன்ஜின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி, ஹெட் வழியாக மேலே வந்து, மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆறிய கூலன்ட் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பவும் பம்புக்கு வருகிறது. இதிலிருந்து ஒரு சின்னக் கிளை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டருக்குப் போய்வரும். அந்தக் கிளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறு தேடும்போது அது நமக்கு நல்ல சாட்சி.

ஃபோர்டு மாடல் டி காரில், ஆரம்பத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலேறும், ஆறியது கீழிறங்கும் என்ற இயல்பை மட்டும் வைத்தே அது ஓடியது. அதே இயல்பு இன்றைய இன்ஜினிலும் இருக்கிறது. ஆனால் இத்தனை சக்தி கொடுக்கும் இன்ஜினுக்கு அந்த ஓட்டம் போதாது.

தெர்மோஸ்டாட் செய்யும் வேலை

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருக்கும் ஒரு கதவுதான் தெர்மோஸ்டாட். அதற்குக் கரண்ட் வேண்டாம், ஒயர் வேண்டாம். ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் மெழுகு அடைத்திருப்பார்கள். கூலன்ட் சூடானால் மெழுகு உருகி விரியும், விரிந்து ஒரு ஊசித்தண்டைத் தள்ளும், கதவு திறக்கும். கூலன்ட் ஆறினால் மெழுகு இறுகிச் சுருங்கும், ஸ்பிரிங் கதவை இழுத்து மூடும். எந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும் என்பது பெரும்பாலும் அதன் மேலேயே 82, 88 என்று பொறித்திருக்கும். முழுதாகத் திறக்க அதற்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் மெழுகுக்குள்ளேயே ஒரு மின்சூடேற்றியும் வைத்திருப்பார்கள். வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்தால் கதவை முன்கூட்டியே திறக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கதவு எதற்கு, எப்போதும் திறந்தே இருந்தால் என்ன என்று கேட்கலாம். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டும், ஆயிலிலும் கொஞ்சம் கலக்கும். இன்ஜின் தேய்வதில் பெரும்பங்கு இந்த நேரத்தில்தான் நடக்கிறது. அதனால் இன்ஜின் சீக்கிரம் சூடேறட்டும் என்று கதவு மூடியே இருக்கும், கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சூடேறிய பிறகும் கதவு ஒரேயடியாகத் திறந்துவிடுவதில்லை. வேகம், பாரம், வெளிக்காற்று எல்லாவற்றுக்கும் ஏற்பக் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, நாள் முழுக்க வேலை பார்க்கும்.

இங்கே ஒரு விஷயம் தெளிவானால் பல வீண்செலவு மிச்சமாகும். இன்ஜின் எந்த அளவுக்குக் கீழே குளிர்ந்துவிடக் கூடாது என்பதைத்தான் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. எந்த அளவுக்கு மேலே சூடேறக் கூடாது என்பது ரேடியேட்டர், ஃபேன், பம்ப், கூலன்ட்டின் அளவு ஆகியவற்றின் பொறுப்பு. 88 டிகிரி தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு 82 டிகிரி போட்டால் வண்டி சூடாகாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்துப்போன ரேடியேட்டர் உள்ள வண்டியில் அந்த ஆறு டிகிரியால் கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், சூடாவது நிற்காது.

யாரும் சந்தேகப்படாத மூடி

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பிரஷர் வால்வு. பல கார்களில் சுமார் 1 பார் அழுத்தம் வரை உள்ளே பிடித்துவைக்கும். குக்கரில் நடப்பதுதான் இங்கேயும்: அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர், அந்த அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதித் தண்ணீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலன்ட் என்றால் 130 டிகிரிக்குப் பக்கம் வரை தாங்கும்.

மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ரப்பர் வளையம் வெடித்தாலோ அந்த அழுத்தம் நிற்காது. இன்ஜின் வழக்கமான சூட்டில் இருக்கும்போதே கூலன்ட் ஆங்காங்கே கொதித்து ரிசர்வ் டேங்குக்குப் பொங்கிப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் நீண்ட பயணத்தின்போதெல்லாம் ரிசர்வ் டேங்க் வழிந்தது, மறுநாள் ரேடியேட்டரில் அளவு குறைந்திருந்தது. தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், மேல் ஹோஸை மாற்றினார்கள், கடைசியில் மூடியை மாற்றியதும் நின்றது. எல்லாவற்றையும்விட விலை குறைந்த பார்ட் அது. அதனாலேயே அதை முதலில் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அந்த மூடியில் எதிர்ப்பக்கம் திறக்கும் சின்ன வால்வு ஒன்றும் உண்டு. இன்ஜின் ஆறி கூலன்ட் சுருங்கும்போது டேங்கிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ள வழிவிடுவது அதுதான். அது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஆறிய இன்ஜினில் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். காலையில் பானெட்டைத் திறந்து ஹோஸ் தட்டையாக இருப்பதைப் பார்த்தால் மூடியைச் சந்தேகியுங்கள்.

முள்ளை எவ்வளவு நம்பலாம்?

பல கார்களில் முள் நேர்மையாக ஏறி இறங்குவதில்லை. ஏறக்குறைய 80 டிகிரியிலிருந்து 105 வரை எதுவாக இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்று. அதனால் முள் நகரத் தொடங்கும்போதே விஷயம் முற்றியிருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் ஒரு சாதாரண ஸ்கேனரை வைத்துக்கொண்டால் கூலன்ட்டின் நிஜமான சூடு டிகிரி டிகிரியாகத் தெரியும். இந்தக் கட்டுரையில் சொல்வதில் பாதியை அது ஒன்றை வைத்தே நீங்கள் சரிபார்த்துவிடலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சென்சார் கூலன்ட்டுக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் பெரும்பாலும் வெளியேறிவிட்டால், சென்சார் காற்றிலும் ஆவியிலும் நின்றுகொண்டு, இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதே முள்ளைக் கீழே காட்டக்கூடும். நன்றாகச் சூடேறிய வண்டியில் முள் திடீரென்று இறங்கி, ஹீட்டரிலும் குளிர்ந்த காற்று வந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

இப்போது, “எப்போது?” என்ற கேள்வி

நின்றால் சூடாகிறது, ஓடினால் ஆறிவிடுகிறது என்றால் காற்றைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், ஃபேன் தேவையே இல்லை. நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் கதி. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் அதோடு ஃபேனும் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார், அவற்றுக்கான ஒயர் என்ற வரிசையில் தேடலாம். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் சந்தேகம் சென்சார் பக்கம் திரும்பும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். முன்னாலிருந்து பார்த்தால் அது தெரியாது, டார்ச் அடித்து இடுக்கில் பார்க்க வேண்டும்.

நெரிசலில் ஒன்றுமில்லை, வேகமாகப் போனால் அல்லது மேடு ஏறினால் சூடாகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். இன்ஜின் அதிகச் சூட்டை உண்டாக்குகிறது, அதைத் தூக்கிக்கொண்டு போக ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். கூலன்ட்டுக்குப் பதில் கடினநீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இதைத் தவறாமல் பார்க்கலாம். கீழ் ஹோஸ் பழசாகி, பம்ப் உறிஞ்சும் வேகத்தில் உள்ளுக்குள் சப்பிக்கொள்ளலாம். பம்பின் இறக்கைகள் அரித்தோ, பிளாஸ்டிக்காக இருந்தால் தண்டிலிருந்து கழன்றோ வழுக்கலாம். தெர்மோஸ்டாட் பாதி மட்டுமே திறந்து நின்றாலும் இப்படித்தான் ஆகும்.

ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் விறுவிறுவென்று ஏறுகிறதா? இங்கேதான் மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டை நியாயமாகவே சந்தேகப்படலாம். முதலில், ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஸ்கேனரில் ஒரு கண்ணும் ஹோஸில் ஒரு கையுமாக இருங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும், சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும்கூட.

தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் இருக்கும் வண்டியில், திறக்கும் சூடு வரும்வரை மேல் ஹோஸ் ஓரளவு குளிர்ந்தே இருக்க வேண்டும். பிறகு ஒரு நிமிடத்துக்குள் சுடத் தொடங்க வேண்டும். கதவு திறந்ததை நீங்கள் கையால் உணரும் நேரம் அது. ஸ்கேனர் 105, 110 என்று ஏறியும் ஹோஸ் சுடவில்லை என்றால் கதவு திறக்கவில்லை. சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் இன்ஜினோடு சேர்ந்தே சூடேறிவிடும், கீழ் ஹோஸைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் பம்ப் செத்திருந்தாலும் ரேடியேட்டர் குளிர்ந்துதானே இருக்கும்? சரியான கேள்வி. இங்கேதான் ஹீட்டர் சாட்சி சொல்கிறது. பெரும்பாலான கார்களில் ஹீட்டருக்குப் போகும் கிளை தெர்மோஸ்டாட்டைத் தொடாமல் போகிறது. ஹீட்டரை முழுச்சூட்டில் வையுங்கள். நல்ல சூடான காற்று வந்தால் கூலன்ட் சுற்றுகிறது, பம்ப் உயிரோடு இருக்கிறது, குற்றவாளி தெர்மோஸ்டாட். முள் மேலே, ஹீட்டரில் குளிர்ந்த காற்று என்றால் கூலன்ட் சுற்றவில்லை. அளவு குறைவு, உள்ளே காற்று அடைப்பு, பம்ப் ஆகிய மூன்றில் ஒன்று.

சூடே ஏறாத வண்டி

இதைப் பலர் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை, “நல்லா கூலா ஓடுது” என்று சந்தோஷப்படுகிறார்கள். அரைமணி நேரம் ஓட்டியும் முள் நடுவுக்கு வராமல் இருந்தாலோ, வேகமாகப் போகும்போது கீழே இறங்கினாலோ பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும். ஹீட்டரில் வெதுவெதுப்புதான் வரும். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும். செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தால் அது சொல்வது இதைத்தான்: இவ்வளவு நேரத்தில் வந்திருக்க வேண்டிய சூடு வரவில்லை. கூலன்ட் குறைந்திருந்தாலும், சென்சார் தவறாகச் சொன்னாலும் இந்தக் குறியீடு வரும் என்பதால் அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள்.

சூடாகிற வண்டியில் தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிந்துவிடும் பழக்கம் இருக்கிறதே, அதன் விளைவும் இதுதான். நாமே கையால் அதைத் திறந்தபடி சிக்கவைக்கிறோம். இன்ஜின் நாளெல்லாம் குறைந்த சூட்டில் ஓடித் தேயும். போதாக்குறைக்கு, பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது அதன் அடித்தட்டு உள்சுற்றுப் பாதையை மூடும். அதை எடுத்துவிட்டால் அந்தப் பாதை எப்போதும் திறந்துகிடக்கும், கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். சூட்டைக் குறைக்க எடுத்தது, பாரம் ஏற்றும்போது சூட்டைக் கூட்டும். வழியில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர ஒரு நாள் அப்படி ஓட்டலாம், நிரந்தரமாக அல்ல.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை அடுப்படியிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அதில் பொறித்திருக்கும் டிகிரிக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும், வெளியே எடுத்து ஆறியதும் இடைவெளி தெரியாமல் மூட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் தீர்ந்தது. குளிர்ந்த நிலையிலேயே கதவு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

கூலன்ட் காணாமல் போகிறது என்றால்

மூடிய சுற்றில் கூலன்ட் குறையக் கூடாது. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் அது எங்கோ போகிறது. ஹோஸ் முனைகளிலும் ரேடியேட்டர் ஓரங்களிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த படிவு இருக்கிறதா பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கசியட்டும் என்றே வைத்த துளை அது, அதை அடைக்கக் கூடாது. முன்சீட்டின் கால்விரிப்பு ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம், உள்ளே இனிப்பு வாசனை என்றால் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை நினைக்க வேண்டும். அது சிலிண்டரில் எரியும் வாயுவையும் கூலன்ட்டையும் ஆயிலையும் பிரித்துவைக்கும் தகடு. ஒருமுறை வண்டி கடுமையாகச் சூடானாலே ஹெட் வளைந்து அது விட்டுப்போகலாம். இன்ஜின் சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, டேங்கில் தொடர்ந்து குமிழி, ஆயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறுவது ஆகியவை அறிகுறிகள். எல்லாம் சேர்ந்து வர வேண்டியதில்லை. நான் அதிகம் நம்புவது இதை: இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், கூலன்ட் அதற்குள் சூடாகி அழுத்தம் கொடுத்திருக்க முடியாது. சிலிண்டரின் அழுத்தம்தான் உள்ளே புகுகிறது. வொர்க்‌ஷாப்பில் நீல நிறத் திரவம் ஒன்றை வைத்துச் சோதிப்பார்கள். கூலன்ட்டிலிருந்து வரும் ஆவியில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

வழியில் சூடானால்

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச்சூட்டில் வையுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டிய வண்டிகள்தான் ஹெட் வேலைக்கு வருகின்றன.

மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே 110, 115 டிகிரியில் இருக்கும் கூலன்ட் அழுத்தம் இருப்பதால் மட்டுமே கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி அசைந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். கண்ணைப் பறிக்கும் காயம் அது. துணியைப் போட்டுத் திறந்தாலும் ஆபத்து ஆபத்துதான். மேல் ஹோஸை அழுத்தினால் தளர்வாக அமுங்கும்வரை, அரைமணிக்கு மேலானாலும் காத்திருங்கள். வெந்துபோன இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் வேண்டாம், ஹெட் விரிசல் விடக்கூடும்.

புதிய தெர்மோஸ்டாட் போடும்போது

ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். தட்டில் ஆடும் சின்ன ஊசி இருந்தால், பொதுவாக அது மேல்பக்கமாக வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அதுதான். கூலன்ட்டை நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பச்சையில் வெவ்வேறு ரசாயனங்கள் வருகின்றன, பொருந்தாதவை கலந்தால் கசடு கட்டும். உரிமையாளர் கையேட்டில் சொன்ன வகையையே வாங்கி, கலக்க வேண்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கலக்குங்கள்.

நிரப்பிய பிறகு உள்ளே காற்று நின்றுவிட்டால் புதுத் தெர்மோஸ்டாட்டும் பழுதானதைப் போலவே நடக்கும். சூடான கூலன்ட் அதன் மேல் பட்டால்தானே மெழுகு உருகும்? காற்று எடுக்கும் திருகு இருந்தால் திறந்துவிட்டு, குமிழி நின்று கூலன்ட் சீராக வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். திருகு இல்லாத வண்டியில் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ஆறிய நிலையிலிருந்தே மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு நிரப்ப வேண்டும். மேல் ஹோஸ் சுட்டு, கூலன்ட் மட்டம் இறங்கியதும் மறுபடி ஊற்றி மூடுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மறுநாள் காலை இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், கோடு வரை ஊற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மறுநாளும் இறங்கியிருந்தால் ஒழுகும் இடத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.